ஜாஸ் இசைத்தட்டுச் சுவைஞரும் ஊவாத் தோட்டத்துத் தப்பும் – ஒரு நோக்கு

ஒரு கலையைப் படைத்தோர் யாவர் என்பதை இலக்கிய வரலாறும் கலை வரலாறும் ஓரளவுக்கேனும் எடுத்துரைக்கின்றன. அக்கலையைக் கேட்டோரும் கண்டோரும் பேணியோரும் யாவர் என்பது பற்றி அவை பெரும்பாலும் எதுவும் கூறுவதில்லை. கலை சென்று சேரும் இடமாகவே சுவைஞன் கருதப்படுகின்றான். அவன் ஒரு கலையின் வரலாற்றையே ஆக்கித் தரவும் கூடும் என்பது நமது திறனாய்விலே போதிய கவனத்தைப் பெறவில்லை.

அமெரிக்காவிலே தோன்றிய ஜாஸ் இசை இதற்குத் தெளிவான சான்றாகும். அவ்விசை பிறந்து வளர்ந்த காலத்தில் இசைக் கல்லூரிகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. கற்றோர் அவையிலே அதற்கு இடமிருக்கவில்லை. தட்டு ஒன்றுக்குச் சில நாணயங்களைக் கொடுத்து வாங்கி, அதனைத் தேயும்வரை கேட்டு, அதிலே ஊதியவர் யார், முழக்கியவர் யார் என்று வாழ்நாள் முழுவதும் தேடித் திரிந்த அன்பர்களே அதன் முதல் வரலாற்றாசிரியராயினர்.

இவ்வன்பர்களைப் பற்றிப் பதுளையையும் ஊவா மாகாணத்துத் தோட்டங்களையும் மனத்திற்கொண்டு சிந்திப்பதற்குக் காரணம் உண்டு. ஜாஸின் ஆழமான வேர்களுள் ஒன்று தென் அமெரிக்க மாநிலங்களின் பருத்தித் தோட்டங்களிலே ஊன்றியது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹாலி எல, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய பகுதிகளின் தேயிலை மலைகளிலும் பெருந்தோட்ட வாழ்வு ஓர் இசையைத் தாங்கி நின்றது. முன்னையது உலகறிந்த பெயர்கள் பலவற்றை ஈன்றது. பின்னையதற்கு நாம் சொல்லக்கூடிய பெயர் ஒன்றேனும் உண்டோ என்பது ஐயமே. இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது, அதனைச் சீர்செய்வதிலே சுவைஞனுக்குரிய பங்கு யாது என்பனவே இக்கட்டுரையின் பொருளாகும்.

1. ஜாஸ்: நமக்கு அந்நியமானதா?

ஜாஸ் என்ற சொல் நம்மவரிற் பலருக்கு நடன விடுதியையும் துரைமார் கழகத்தையுமே நினைவூட்டும். தோட்டப் பகுதிகளில் மேலைத்தேய இசைத்தட்டுகள் முதன்முதலாக ஒலித்த இடங்கள் பங்களாக்களும் துரைமார் கழகங்களுமே ஆதலால், இவ்வெண்ணத்திற் பிழை காண இயலாது. ஆயினும் அவ்விசையின் பிறப்பு வேறு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களின் வேலைப்பாட்டு, ஒருவர் பாட மற்றையோர் எதிர்பாடும் தேவாலயப் பாட்டு, தனிமனித துயரைக் கூறும் 'புளூஸ்' ஆகியவை, நியூ ஓர்லியன்ஸ் நகரின் ஊர்வல வாத்தியங்களோடு கலந்து உருவானது அது.

அதன் உயிர்நிலை, இசைஞன் அவ்வேளையிலே தானாகக் கற்பித்து இசைப்பதாகும். தெரிந்த மெட்டொன்றை எடுத்துக்கொண்டு, அதன் எல்லைக்குள்ளே நின்று, நேற்று இசைத்தவாறு இன்று இசையாது, தன் மனத்துக்கு இசைந்தவாறு விரித்துச் செல்லல் வேண்டும். நமது இசை மரபு இதனை மனோதர்மம் என்கின்றது. இராக ஆலாபனையையும் தனியாவர்த்தனத்தையும் கேட்டுப் பழகிய செவிக்கு ஜாஸின் இவ்வியல்பு புதிதன்று. இந்த ஒருமையைப் பின்னர் இசைஞர்களே மெய்ப்பித்தனர். யாழ்ப்பாணத்திலே இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணாவின் மைந்தரும் தம் இளமையை அங்கே கழித்தவருமாகிய வயலின் கலைஞர் எல். சங்கர், ஜாஸ் கித்தார் கலைஞர் ஜோன் மக்லாக்லினோடு 'சக்தி' குழுவிலே இணைந்தார். அக்குழுவின் முதல் இசைத்தட்டு 1975இற் பதிவாகி 1976இல் வெளிவந்தது. அத்தட்டிலே ஸாகிர் ஹுசேனின் தபேலாவும், ஆர். ராகவனின் மிருதங்கமும், விநாயக்ராமின் கடமும் இடம்பெற்றன. கச்சேரி மேடையிலே உபபக்கவாத்தியம் என ஒதுக்கப்படும் கடம், அங்கே ஏனையவற்றோடு ஒப்பவைத்து எண்ணப்பட்டது. வாசித்த ஒவ்வொருவரையும் பெயர் சுட்டிக் கூறும் இவ்வழக்கம் ஜாஸ் தட்டுகளின் பொதுவழக்கமாகும். அது எவ்வாறு ஏற்பட்டது என்பதே நாம் அடுத்து நோக்கவேண்டுவது.

2. தட்டும் பெயரும்

ஜாஸ் இசையின் முதலாவது தட்டு 1917இல் வெளிவந்தது. அதனை இசைத்தோர் வெள்ளையர் என்பது அக்கால அமெரிக்காவின் இயல்பை உணர்த்தும். 1920இல் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகியின் 'கிரேஸி புளூஸ்' வெளிவந்து பெருந்தொகையாக விற்பனையானபோதுதான், கறுப்பின மக்களும் தட்டு வாங்குவார்கள் என்பதைக் கம்பனிகள் கண்டுகொண்டன. பின்னர் அம்மக்களுக்கென்றே தனிவரிசைத் தட்டுகளை அவை வெளியிட்டன. இசைஞருக்கு ஒரு சிறுதொகை கொடுக்கப்பட்டது. விற்பனையில் அவர்களிற் பலருக்குப் பங்கில்லை. கம்பனியின் நோக்கம் வாணிகமே. எனினும் அவ்வாணிகம் தன்னையறியாமலே ஒரு மக்களின் குரலை அரக்கிற் பதித்து வைத்தது. அவ்வரக்கிற் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்து சென்றது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

பத்து அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். அதன் நடுவிலுள்ள வட்டத்தாளில் பாட்டின் பெயரும் குழுத் தலைவரின் பெயரும் மட்டுமே அச்சாகியிருக்கும். 1928இல் வெளிவந்த 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' என்ற புகழ்பெற்ற தட்டை எடுத்துக்கொள்வோம். அதன் தொடக்கத்திலே லூயி ஆம்ஸ்ட்ரோங் தனியே எக்காளம் ஊதும் சில விநாடிகள் ஜாஸ் வரலாற்றின் திருப்புமுனைகளுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றன. 'லூயி ஆம்ஸ்ட்ரோங்கும் அவரது ஹொட் ஃபைவும்' என்பதே வட்டத்தாளிற் கண்டது. பியானோ வாசித்த ஏர்ள் ஹைன்ஸ், தாளம் இசைத்த ஸட்டி சிங்கிள்டன், குழல் ஊதிய ஜிம்மி ஸ்ட்ரோங், டிரோம்போன் இசைத்த ஃபிரெட் ரொபின்ஸன், பாஞ்சோ மீட்டிய மான்ஸி கார் ஆகியோரை வட்டத்தாள் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. இன்று அந்த ஐவரையும் எந்த ஜாஸ் அன்பனும் கூறுவான். மான்ஸி காரின் பெயர் நெடுங்காலம் 'காரா' எனத் தவறாக அச்சிடப்பட்டு வந்தது என்பதையும் கூறுவான். குழுவிலே எவரும் தனித்துக் கவனியாத ஒரு பாஞ்சோக்காரனின் பெயரில் ஓர் எழுத்துப் பிழையாக இருப்பதைப் பொறுக்கமுடியாத மனப்பாங்கு அது. வெளியிலிருந்து நோக்குவோருக்கு இது பித்துப்போலத் தோன்றலாம். ஒரு கலைஞனுக்குச் செய்யக்கூடிய மிக அடிப்படையான மரியாதை அவன் பெயரைச் சரியாகச் சொல்லுதலே என்று கொண்டால், இப்பித்தின் பெறுமதி விளங்கும்.

இத்தேடல் நூல் வடிவும் பெற்றது. பிரெஞ்சு அன்பரான ஷார்ல் டெலோனே 1936இற் பாரிசிலே வெளியிட்ட நூலில், தட்டு ஒவ்வொன்றின் கீழும் இசைத்தோர், கருவி, இடம், நாள் என்பவற்றை நிரல்படுத்தினார். இசைத்தட்டு விவரணம் என்ற துறையே இதனாற் பிறந்தது. பிரித்தானியரான பிறையன் ரஸ்ட் அதனை மேலும் விரித்தார். ஏடுகளிலே விவரம் கிடையாதவிடத்துச் செவியே சான்றாயிற்று. ஒருவரது ஊதலின் தொனி, மூச்செடுக்கும் இடம், தாளத்தின் மீது அவர் சாயும் வகை என்பவற்றைக் கொண்டு 'இது இன்னார்' என்று அன்பர்கள் துணிந்தனர். 1946 முதல் லெனர்ட் ஃபெதர் என்ற விமர்சகர், பெயர் கூறாமலே தட்டுகளை ஒலிக்கச்செய்து, இசைஞர்களையே அவற்றை இனங்காணச் சொல்லும் சோதனையை ஒரு சஞ்சிகைப் பகுதியாக நடத்தினார். புகழையும் நிறத்தையும் நீக்கி இசையை மட்டும் எடைபோட வைத்த இச்சோதனை, சிறந்த திறனாய்வுப் பயிற்சியாகும்.

நமது மரபிலும் இதற்கு ஒத்த மனப்பாங்கு உண்டு. சிலப்பதிகார அரங்கேற்றுகாதையிலே மாதவியின் ஆடலைக் கூறவந்த இளங்கோவடிகள், அவளை மட்டும் கூறி அமையவில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவருக்கும் உரிய தகுதிகளைத் தனித்தனியே வகுத்தார். அரங்கிலே தோன்றும் கலை பலர் கூடிச் செய்தது என்ற உணர்வு அங்கே தெளிவாக உண்டு. ஆயினும் தண்ணுமை முழக்கியவனது பெயரை நாம் அறியோம்.

3. பதுளைக்கு வந்த குரல்கள்

இனி ஊவாவை நோக்குவோம். 1924இற் புகையிரதப் பாதை பதுளையை அடைந்தது. 1925 டிசம்பரிற் கொழும்பிலே வானொலி தொடங்கிற்று. அதற்குச் சற்று முன்னர்த் தந்தித் திணைக்களத்தார் நடத்திய பரிசோதனை ஒலிபரப்பிலும் ஒலித்தவை கிராமபோன் தட்டுகளே. கிட்டப்பா, சுந்தராம்பாள் ஆகியோரின் நாடகப் பாடல்களும், இராஜரத்தினம் பிள்ளையின் தோடியும், பின்னர்ச் சினிமாப் பாடல்களும் தட்டின் வழியாகவும் வானலையின் வழியாகவும் தமிழ் வழங்கும் இடமெங்கும் பரவின. வசதிபடைத்தோர் இல்லங்களிலே கிராமபோன் இருந்தது. லயத்து மக்கள் தட்டின் இசையைப் பெரும்பாலும் கேட்டது தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் கட்டிய ஒலிபெருக்கியிலேதான். பின்னர்ச் சிறிய டிரான்ஸிஸ்டர் வானொலிகள் காம்பராக்களுள் வந்துசேர்ந்தன.

இந்த வானொலிக் கேள்வியிலே நமது பொருளுக்கு இன்றியமையாத ஒன்று உண்டு. 1949இல் வெளிவந்த 'மஹல்' என்ற ஹிந்திப் படத்தின் பாட்டொன்று தட்டாக வந்தபோது, பாடியவர் பெயராக அச்சிடப்பட்டது கதைமாந்தரின் பெயரான 'காமினி'. கேட்டோர் வானொலி நிலையத்துக்குக் கடிதம் எழுதிப் பாடியவர் யார் என்று வினவினர். அதன் பின்னரே லதா மங்கேஷ்கரின் பெயர் அறிவிக்கப்பட்டது. பின்னணிப் பாடகரின் பெயரை உலகறியச் செய்ததிற் கேட்போர் கடிதங்களுக்கும் பங்குண்டு என்பது இதனாற் புலனாகும். 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாடல்களை ஒதுக்கியபோது இலங்கை வானொலி இந்தியா முழுவதையும் ஈர்த்தது. அதன் தமிழ் வர்த்தக ஒலிபரப்பிலே எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், இராஜேஸ்வரி சண்முகம் முதலியோர் பாட்டுக்கு முன்னும் பின்னும் படம், பாடியோர், இயற்றியவர், இசையமைத்தவர் என்பவற்றைத் தெளிவாக உச்சரித்தனர். பள்ளிக்கல்வி பெறாத பலரும் பாடகர் பெயர்களையும் கவிஞர் பெயர்களையும் மனப்பாடமாக அறிந்திருந்தமைக்கு இதுவே காரணம்.

அதே காலத்தில் ஜாஸும் இத்தீவின் வானலைகளிலே வந்தது. 1955 முதல் வில்லிஸ் கொனோவர் 'அமெரிக்காவின் குரல்' வானொலியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய ஜாஸ் நிகழ்ச்சி சிற்றலைவழி உலகெங்கும் கேட்டது. ஆங்கிலம் நன்கறியாதோரும் விளங்குமாறு, நிறுத்தி நிதானமாக, இசைத்தோர் பெயர்களை அவர் கூறிவந்தார். டேவ் புரூபெக் 1958இலும் டியூக் எலிங்டன் 1963இலும் இலங்கைக்கு வந்து இசை வழங்கினர். எனவே இங்குள்ள அன்பர் ஒருவர், நமுனுகுலை மலைச்சாரலில் இருந்துகொண்டே, சிக்காகோ நகரத்து முழவிசைஞனின் பெயரை அறிந்திருக்க வாய்ப்பிருந்தது. தம் மலைச்சாரலிலே விடியற்காலையிற் தப்பு முழக்கியவரின் பெயரை எந்த அறிவிப்பாளரும் அவருக்குக் கூறவில்லை. தோட்டத்துக்கு இசை வந்தது. தோட்டத்திலிருந்து இசை வெளியே செல்லவில்லை.

4. இரு தோட்டங்கள்

இரு தோட்டச் சமூகங்களையும் ஒப்பிடும்போது நிதானம் வேண்டும். அமெரிக்கக் கறுப்பின மக்கள் விலைக்கு விற்கப்பட்ட அடிமைகள். மலையகத் தமிழர் கங்காணி முறையிலே கடனாற் பிணிக்கப்பட்டு வந்தோர். கடனைக் குறித்த 'துண்டு' முறை 1921இலேயே சட்டத்தால் நீக்கப்பட்டது. இரண்டையும் ஒன்றெனக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆயினும் நிலமற்ற உழைப்பு, மற்றவர் குறித்த நேரத்தில் விழித்தல், வரிசையாகக் கட்டிய குடியிருப்பு, தம் உழைப்பின் விளைவு தமக்கு எட்டாத தொலைவிலே விலைபோதல் ஆகியன இரண்டிற்கும் பொது. அவ்வாழ்விலே இசை ஓய்வுநேரப் பொழுதுபோக்காக மட்டும் அமையாது, வேலையோடும் சாவோடும் பிணைந்து நிற்றலும் பொது.

ஜாஸ் வரலாற்றிலும் பெயர் மட்டும் எஞ்சிய ஒருவர் உண்டு. நியூ ஓர்லியன்ஸ் நகரத்துப் படி போல்டன் ஜாஸின் முதல்வர்களுள் ஒருவர் எனப்படுவார். 1931இல் இறந்த அவரது ஊதல் எந்தத் தட்டிலும் இன்று கிடைப்பதில்லை. ஆயினும் அவரைக் கேட்டோர் இருந்தனர். அவர்களைத் தேடிச்சென்று வினவி எழுதியோரும் இருந்தனர். ஒலி அழிந்தபின்னும் பெயர் நின்றது. தட்டு இல்லையெனினும் அன்பன் இருந்தாற் போதும் என்பதற்கு இதுவே சான்று.

தோட்டத்துக்கே ஒலிப்பதிவுக் கருவி சென்ற வரலாறும் உண்டு. 1941 ஆகஸ்டிலே மிசிசிப்பி மாநிலத்து ஸ்டோவல் தோட்டத்துக்கு இருவர் சென்றனர். ஒருவர் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தைச் சேர்ந்த அலன் லோமாக்ஸ். மற்றவர் கறுப்பின மக்களின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இசைப் பேராசிரியர் ஜோன் வேர்க். அத்தோட்டத்திலே வேலை செய்த மக்கின்லி மோர்கன்ஃபீல்டின் பாட்டை அவர்கள் பதிவுசெய்தனர். தம் குரலைத் தட்டிலே கேட்டபோதுதான் தம்மாலும் இயலும் என்ற துணிவு பிறந்ததாக அவர் பின்னர்க் கூறியுள்ளார். 1943இல் அவர் சிக்காகோவுக்குச் சென்றார். மடி வோட்டர்ஸ் என்ற பெயரில் உலகம் அறிந்தது அவரையே.

இந்நிகழ்ச்சியின் இன்னொரு பக்கத்தையும் நாம் மறத்தலாகாது. லோமாக்ஸின் புகழ் பரவியது. ஜோன் வேர்க்கும் அவரது ஃபிஸ்க் நண்பர்களும் எழுதிய ஆய்வேடுகள் நெடுங்காலம் அச்சேறாது கிடந்து, 2005இலேதான் நூலாயின. பாடியவனின் பெயரைத் தேடிச் சென்ற கல்வியாளனின் பெயரும் மறைந்து போகக்கூடும். பெயர் தப்புவதும் மறைவதும் தற்செயலால் நிகழ்வன அல்ல. எவரிடம் அச்சகமும் நூலகமும் பதவியும் உள்ளனவோ அவரது பெயர் தப்புகின்றது.

மற்றொரு வேறுபாடும் கருதத்தக்கது. 1910க்கும் 1970க்கும் இடையில் ஏறத்தாழ அறுபது இலட்சம் கறுப்பின மக்கள் தென்மாநிலங்களை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் பெயர்ந்தனர். அவர்கள் சென்ற நகரங்களிற் பலவற்றில் ஒலிப்பதிவுக் கூடங்கள் இருந்தன. மலையக மக்களின் பெயர்ச்சி வேறுவகையானது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு எனவும் 3,00,000 பேரை இலங்கைக்கு எனவும் கணக்கிட்டது. தலைமன்னாருக்குச் சென்ற புகையிரதத்தை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே அழைத்தனர். அதிலே ஏறிச்சென்றோருள் தப்புக் கலைஞரும் கூத்துக் கலைஞரும் ஒப்பாரி சொல்லுவோரும் இருந்திருப்பர். அவர்கள் சென்று இறங்கிய மண்டபம் முகாமிலே ஒலிப்பதிவுக் கூடம் எதுவும் காத்திருக்கவில்லை.

5. தப்பு

வட்டமான மரச்சட்டத்திலே தோல் இழுத்து ஒட்டப்பட்ட கருவி தப்பு. அடிப்பதற்கு முன்னர் அதனை நெருப்பிலே காய்ச்சித் தொனி ஏற்றுவர். ஒரு கையில் மெல்லிய நீண்ட குச்சியும் மறுகையில் தடித்த குறுங்குச்சியும் கொண்டு முழக்குவர். முற்காலத்திலே பெரட்டுக்கு ஆட்களை எழுப்பியது தப்பு. சாவையும் திருமணத்தையும் திருவிழாவையும் மலைக்கு அப்பாலுள்ள லயத்துக்கு அறிவித்ததும் தப்பு. ஒவ்வொன்றிற்கும் அடி வேறு. கேட்டவுடனே செய்தி இன்னதென்று மக்கள் உணர்வர். மாசி மாதத்துக் காமன் கூத்திலே இரதியும் மதனும் ஆடுவது தப்பின் அடிக்கே. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகளும் தோட்டங்களிலே நெடுங்காலம் நிலைத்தன.

அடி வேறுபாட்டைக் கேட்டே செய்தியை உணரும் செவி, அடிப்பவர் யார் என்பதையும் உணரவல்லது. லெனர்ட் ஃபெதர் நடத்திய சோதனையைத் தோட்டமொன்றில் நடத்தினால் அதிலே தேறக்கூடிய சுவைஞர் அங்கே இரார் எனக் கூறமுடியாது. ஊவாத் தோட்டத்திலே இல்லாதது சுவையன்று. அச்சுவையை ஏட்டில் ஏற்றி நிறுத்தும் ஏற்பாடே அங்கு இல்லாதுபோயிற்று.

அவ்வாறாயின் மற்றைய தமிழ் இசைக் கருவிகளுக்கு அந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது? யாழ்ப்பாணத்துத் தவில் கலைஞர் தெட்சணாமூர்த்தியின் பெயரை (அவர் 1975இல் மறைந்தார்) கடல் கடந்தும் இன்றுவரை போற்றுகின்றனர். அது தக்க போற்றுதலே. தவில் கோயிலுக்குள்ளே முழங்கியது. தப்பு பெரும்பாலும் வெளியே நின்றது. சாவோடு சேர்த்து எண்ணப்பட்ட கருவி அது. அதனை முழக்கியோர் சாதியால் ஒடுக்கப்பட்டோர். அவர்களை வரவழைத்தோர் பெயர் சொல்லி அழைத்திருக்கலாம். பெயரை எழுதிவைக்கவேண்டும் என்று எண்ணவில்லை. ஜாஸும் தன் தொடக்கத்திலே இழிந்த இடங்களின் இசையென்றே பழிக்கப்பட்டது. அப்பழியை மதியாது ஒலியை மட்டும் கேட்ட அன்பர்களாலேயே அவ்விசை மரியாதை பெற்றது. நம்மிடம் அத்தகைய அன்பர் குழாம் தோன்றாமைக்கு வறுமையோடு சாதியும் காரணம் என்பதை ஒளிப்பதாற் பயனில்லை.

தோட்டத்து வாய்மொழிப் பாடல்களை ஏட்டில் ஏற்றியதில் சி. வி. வேலுப்பிள்ளையின் (1914–1984) பணி முதன்மையானது. சாரல் நாடன், மாத்தளை வடிவேலன் முதலியோர் அத்துறையை வளர்த்தனர். ஊவாக்கட்டவளைத் தோட்டத்திலே பிறந்த தெளிவத்தை ஜோசப்பைப் போன்றோர் எழுத்திலக்கியத்தில் ஊவாவுக்குப் பெயர் தேடித்தந்தனர். எழுத்திலே அடைந்த இப்பேறு வாய்மொழிக்கும் முழவுக்கும் கிட்டவில்லை. பாடல்கள் 'மக்கள்' என்ற பொதுப்பெயரால் நம்மை வந்தடைகின்றன. பாடிய பெண்ணின் பெயர், அவள் யாரிடம் கேட்டுக் கற்றாள் என்பது, எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்பன பொதுவாகத் தெரிவதில்லை.

6. இரு மறுப்புகள்

நாட்டார் கலை கூட்டுப் படைப்பு. அதிலே தனிமனிதர் பெயரைத் தேடுவது அதன் இயல்புக்கு முரண் என்று ஒரு மறுப்பு எழலாம். இதனை எளிதிலே தள்ளிவிட இயலாது. புளூஸ் பாட்டின் அடிகளும் பாடகர் பலரிடையே மாறிமாறி உலவுவனவே. எவ்வடி யாருக்குரியது என்று வழக்காட முடியாது. ஆயினும் அவ்வடியை இவர் இவ்வாறு பாடினார், இன்னவிடத்தில் இழுத்தார், இன்னவிடத்தில் விட்டார் என்பது அவரவர்க்கே உரியது. பொதுச்சொத்தைக் கையாளும் திறன் தனிச்சொத்தே. ஒப்பாரியின் அடிகள் பொதுவானவை. தன் மகனை இழந்த தாய் அன்று அவற்றுட் சேர்த்த சொல் அவளுடையது. 'மக்கள் கலை' என்ற சொல் மக்களை உயர்த்துவதற்காக எழுந்தது. அதுவே அம்மக்களின் பெயர்களை மறைக்கும் போர்வையாகிவிடுதல் தகாது. தமிழகத்திலே நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' நூலிற் பல பாடல்களின் கீழ் உதவியவர், சேகரித்தவர், இடம் என்பன குறிக்கப்பட்டிருத்தல் இங்கு முன்மாதிரியாகும். டெலோனே தட்டுகளுக்குச் செய்ததை அவர் வாய்மொழிக்குச் செய்தார் எனலாம்.

பதிவு உயிருள்ள கலையைச் சுருக்கிவிடும் என்பது இரண்டாவது மறுப்பு. இதிலும் உண்மை உண்டு. 1923இல் கிங் ஒலிவரின் குழு இண்டியானா மாநிலத்து ரிச்மண்ட் நகரிலே தட்டுக்கு இசைத்தபோது, அக்காலக் கருவி பெருமுரசின் அதிர்வைத் தாங்கவில்லை. முழவிசைஞர் பேபி டொட்ஸ் மரக்கட்டைகளைத் தட்டியே தாளம் காட்டினார். இன்று அத்தட்டைக் கேட்போர் அக்குழுவின் முழுமுழக்கத்தைக் கேட்பதில்லை. அதுபோலவே கூத்துக் களத்திலிருந்து பெயர்த்துக் கூடமொன்றிற் பதிந்த தப்பும் முழுத் தப்பாகாது. நெருப்பும் பனியும் விடியும்வரை விழித்திருக்கும் கூட்டமும் அதிலே இரா. எனினும் நல்ல சுவைஞன் தட்டை இசையின் நிறைவடிவாகக் கொள்வதில்லை. பேபி டொட்ஸின் மரக்கட்டையைக் கேட்கும்போதே, கேளாத முரசை அவன் தன் மனத்திலே சேர்த்துக் கேட்கின்றான். அவ்வாறு சேர்த்துக் கேட்பதற்கு, அங்கே முரசு இருந்தது என்பதும் அதை அடித்தவர் யார் என்பதும் தெரிந்திருத்தல் வேண்டும்.

தட்டு அன்பரிடத்திற் குறைகள் இல்லையென்று கூறுவதற்கில்லை. இசையை மறந்து தட்டின் இலக்கத்தையே போற்றுவோரும், அரிய தட்டை எவருக்கும் கேட்கக்கொடாது பூட்டிவைப்போரும், இறந்த கலைஞனைப் புகழ்ந்து வறுமையில் வாழும் கலைஞனைக் காணாதோரும் அவர்களிடையே உண்டு. தப்பைத் தேடிச்செல்லும் நாம் அவர்களிடமிருந்து ஏற்கவேண்டியது பெயரைப் பேணும் ஒழுக்கத்தை மட்டுமே.

7. முடிவுரை

பல்கலைக்கழகம் கூத்தைத் தேடிச் சென்ற வரலாறு நமக்குப் புதிதன்று. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மேடைக்குக் கொணர்ந்த 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' ஆகியவை ஈழத்துக் கூத்து மரபுக்குக் கற்றோரிடையே புதிய மதிப்பைத் தேடித்தந்தன. அன்று கூத்து மேடைக்கு வந்தது. இன்று செய்யவேண்டியது அதனினும் எளியது. ஒலிப்பதிவுக் கருவி இப்போது ஒவ்வொரு மாணவனின் சட்டைப்பையிலும் தொலைபேசியாக உள்ளது. பதுளையிலே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இயங்குகின்றது. தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகங்களுக்கு வரும் மாணவரின் சொந்த லயங்களிலேயே தப்புக் காய்ச்சும் முதியோர் சிலர் இன்னும் உள்ளனர். வசதி இல்லை என்ற காரணம் இனிப் பொருந்தாது.

பதிவு மட்டும் போதாது. பெயரில்லாத ஒலித்துண்டுகள் ஆயிரம் கைகளிற் சுற்றுகின்றன. வட்டத்தாள் இல்லாத தட்டுகள் போன்றவை அவை. டெலோனேயின் நிரலைப் பின்பற்றி ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தாள் வேண்டும். அடித்தவர் பெயர், அவருடன் அடித்தோர் பெயர்கள், யாரிடம் கற்றார், தோட்டம், டிவிசன், நிகழ்ச்சி, அடியின் பெயர், பதிந்தவர் பெயர், நாள் ஆகியன அதிலே இடம்பெறவேண்டும். பெயரை வெளியிட அவரது இசைவையும் பெறவேண்டும். அதன் படியொன்று அவரது வீட்டுக்கும் சென்றடையவேண்டும். எழுத்துப் பிழையின்றி எழுதவேண்டும் என்பதைத் தனியே கூறவேண்டியதில்லை. மான்ஸி காரின் பெயரிலே பிழையான ஓர் எழுத்தைத் திருத்துவதற்கு அன்பர்கள் எவ்வளவு காலம் உழைத்தனர் என்பதை மேலே கண்டோம். நமக்கு எதிரே இருப்பவரிடமோ இன்று நேரிலே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.